ஒன்றரைச் சுற்று

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். ஓடினால் நிற்கும், நின்றால் விழும். குதிகாலால் உதைத்தால் கோபித்துக்கொள்ளாது, இன்னும் வேகமாகப் போகும். அது என்ன?

கழுதை என்று சொன்னவர்கள் கழுதையை உதைத்துப் பார்த்ததில்லை. என் மனைவி என்று சொன்னவர்கள் என் மனைவியையே பார்த்ததில்லை. விடை: கியர் வைத்த ஒற்றைச் சக்கர சைக்கிள். அதை நானே செய்தேன். அதனால்தான் இந்தக் கதி.

நான் லிப்ட் மெக்கானிக். காலையில் மேலே போவேன், கீழே வருவேன். மதியத்துக்கு மேல் கீழே போவேன், மேலே வருவேன். உத்தியோகத்தில் இதுவரை ஓர் அடிகூட முன்னால் போனதில்லை. சாப்பாட்டு வேளையில் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறை நிழலில் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் ஊர்க் கோடியில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் தொடங்கும் ஆற்றங்கரைச் சாலை தெரியும். வளைவே இல்லாத சாலை. அதன் முடிவில் பழைய இரும்புப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்கப் பார்க்க உள்ளங்கால் குறுகுறுக்கும். டிபன் பாக்ஸை மூடிவிட்டு மறுபடி லிப்டுக்குள் போய்விடுவேன்.

சாதாரண ஒற்றைச் சக்கர சைக்கிள் அவ்வளவு தூரத்துக்கு உதவாது. அதில் பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்திருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. கோழி நடப்பது மாதிரி குடுகுடுவென்று மிதிக்க வேண்டும். நான் செய்த கியரில், அச்சின் முனையில் ஒரு பொத்தான். ஓடும்போதே அதைக் குதிகாலால் ஓர் உதை. அதன்பிறகு கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுக்குத்தான் ஏங்கினேன்.

தனியாகப் போக அல்ல. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரத்தில் என் மகள் பாப்பா. அவள் கை என் கையில். கரையோரமாக இரண்டு சக்கரங்கள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று, பாலத்தைப் பார்த்துப் போகின்றன. இதுதான் நான் ஆசைப்பட்ட படம். மனைவியிடம் மூச்சு விடவில்லை. விட்டால் ஞாயிற்றுக்கிழமை என் கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்துவிடுவாள்.

கியர் பாகங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பியிருந்த அன்று அவள் வந்து நின்றாள். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா.

"இது என்னங்க, சாப்பிடற இடத்துல?"

"சக்கரத்துக்கு நடுவுல போற கியர். இதோ, நடுவுல இருக்கே, இதுக்குப் பேரு சூரியன். சுத்தி இருக்கற மூணு சின்னப் பல்சக்கரமும் கிரகங்க."

"சூரியன் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. அசையாம நிக்கும். அது அசையாம நின்னாத்தான் மத்தது எல்லாம் வேகமாப் போகும்."

"ஓகோ."

"நம்ம குடும்பம்னே வெச்சுக்கயேன். நீதான் சூரியன்."

அவள் அந்தச் சின்னச் சக்கரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதாவது, நான் வீட்டுல ஆணி அடிச்ச மாதிரி இருந்தா, நீங்க வெளியில ஒண்ணுக்கு ஒன்றரையாப் போவீங்க."

"அடடா! என்ன அழகாப் புரிஞ்சுக்கிட்டே!"

"ம்" என்றாள்.

லிப்ட் கயிற்றில் ஓர் இழை அறும்போது அப்படித்தான் ஒரு சின்னச் சத்தம் வரும். வேலையில் இருந்தால் உடனே லிப்டை நிறுத்தியிருப்பேன். வீட்டில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

கூடவே இன்னொரு தப்பும் செய்தேன். ஸீட்டுக்கு ஓர் உறை தைத்துத் தரச் சொன்னேன்.

"அளவு வேணுமே. உக்காந்து பாத்தாத்தான் பஞ்சு எங்க வைக்கறதுன்னு தெரியும்."

"நான் உக்கார்றேன்."

"நீங்களா? உக்கார்றதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு? வெறும் எலும்பு. பஞ்சு கிழிஞ்சுடும். நகருங்க."

அவளே உட்கார்ந்து அளவெடுத்தாள். உறை பிரமாதமாக வந்தது. என்னவோ எனக்கு மட்டும் அதில் வழுக்கியது.

வண்டி தயாரானது. ஏறினேன், மிதித்தேன், தெருவில் போனேன். அதுவரை குறை இல்லை. பொத்தானை உதைத்தேன். சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுநாள் உதைத்தேன். நான் அதே பக்கம். சுற்றுகிற காலை நிறுத்தாமல், அதே காலின் குதியால் பட்டாணி அளவுப் பொத்தானைத் தட்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே கொட்டாவி விடுவது மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் வண்டியில் ஒரு மர்மக் கோளாறு கண்டது. வேலை முடிந்து வந்து ஏறினால், ஸீட் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. உயர்த்தி முடுக்கினேன். அடுத்த சாயங்காலமும் நாலு விரல். ஸீட்டைப் பிடித்திருக்கிற கிளாம்ப் நழுவுகிறது என்று முடிவு செய்தேன். இரண்டு போல்ட் வைத்த புது கிளாம்ப் கடைந்து, பூகம்பம் வந்தாலும் அசையாதபடி, ஆலன் கீ என்கிற ஆறுபட்டைச் சாவியால் முடுக்கினேன். மறுநாள் பார்த்தால் நாலு விரல். மூன்று விரல் இல்லை, ஐந்து விரல் இல்லை. இவ்வளவு ஒழுக்கமான கோளாறை நான் எந்த லிப்டிலும் பார்த்ததில்லை.

"இரும்பு களைச்சுப் போகுமோ என்னவோ" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"இரும்பாவது களைக்கறதாவது!"

"நாள் பூரா ஒரே உயரத்துல நிக்குது பாவம்."

ஆலன் கீ சமையலறையில் கரண்டிகளோடு தொங்கியது. "இங்க எப்படி வந்தது?" என்றேன். "பாப்பா விளையாடியிருப்பா" என்றாள். பாப்பாவிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, "விளையாடியிருப்பேன்" என்றாள்.

போதாததற்கு மனைவியின் கணுக்காலில் காயம். கட்டில் கால் இடித்துவிட்டதாம். தைலம் தேய்த்துவிட்டேன். அது ஆறுவதற்குள் முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. அதுவும் கட்டில்தான். இவள் மேல் உயிரையே வைத்திருக்கிறவன் நான். பழைய டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, நாலு கட்டில் கால்களிலும் சுற்றிவிட்டேன். கட்டில் பார்ப்பதற்குக் காலுறை போட்டுக்கொண்ட மாடு மாதிரி ஆனது. மறுநாள் இன்னொரு கணுக்காலிலும் காயம்.

"டியூப் சுத்தியுமா இடிக்குது?"

"உங்க கட்டில் ரொம்பப் பொல்லாதது" என்றாள்.

மாடி வீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பகலெல்லாம் பால்கனியில் இருப்பார், கடையை மகனிடம் விட்டுவிட்டார். ஒரு நாள் நான் முழங்கையில் கட்டோடு வந்தபோது மேலிருந்து கூப்பிட்டார்.

"சார்! உங்க வீட்டு பேலன்ஸ் இருக்கே, கண்கொள்ளாக் காட்சி சார்!"

"என்ன, கிண்டலா?"

"சத்தியமா இல்ல சார். அதுவும் அந்தப் பொத்தான உதைக்கறது! டக்குனு ஒரு உதை. பறக்குது சார்!"

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் இப்படிப் பேசினால் என்ன செய்வீர்கள்? அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். தெருவில் எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர்.

பாப்பாவுக்கான சின்னச் சக்கரத்தை ரகசியமாகச் செய்து முடித்தேன். கியர் இல்லை, வெறும் சக்கரம், ஆரஞ்சு நிற ரிம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். பிறகு மனைவியிடம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிவித்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பாப்பாவுக்கு நான் ஒத்தச் சக்கரம் சொல்லித் தரப்போறேன். ஒட்டடை, கடை, குழாய் ரிப்பேர், எதுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. இது குழந்தையோட எதிர்காலம்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள், "சரிங்க" என்றாள்.

"சரியா?"

"சரிதான். ஆனா குழந்தை விஷயம். கேட்டுலேர்ந்து விளக்குக் கம்பம் வரைக்கும், அந்தப் பொத்தான உதைச்சு, விழாம யாரு போறாங்களோ அவங்க ஓட்டத் தெரிஞ்சவங்க. அப்புறம் யார் கூடப் போறதுன்னு பாப்பாவே சொல்லட்டும்."

"இதுல யாரு யாருன்னு என்ன கேள்வி? வீட்டுல ஓட்டறவன் நான் ஒருத்தன்தானே?"

"அப்ப உங்களுக்கு என்ன கவலை?" என்றாள்.

ஞாயிறு காலை. சின்னச் சக்கரத்தை மாடியிலிருந்து இறக்கி, சாக்கைச் சட்டென்று விலக்கினேன். பாப்பா ஆச்சரியத்தில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து அடிக்கணும்ப்பா" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். புது டயரில் மண்.

"முதல்ல நீங்க" என்றாள் மனைவி.

ஏறினேன். நாலு விரல் இறங்கியிருந்த ஸீட்டைக் காலையிலேயே உயர்த்தி வைத்திருந்தேன். கேட்டைத் தாண்டினேன். வலது கால் மேலே வந்தது. உதைத்தேன். விளக்குக் கம்பத்துக்குப் போவதற்குள் மூன்று வீட்டு வாசல்களையும் வானத்தையும் பார்த்தேன். மாடியிலிருந்து கண்ணாடிக்காரர், "இன்னைக்கு அம்மா ஓட்டலையா?" என்றார்.

மனைவி இடுப்பில் கட்டியிருந்த தையல் பையில் கையை விட்டாள். ஆலன் கீ வெளியே வந்தது. இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள். ஸீட்டின் மேல் விரல்களை வைத்து அளந்தாள். நாலு விரல். முடுக்கினாள். கேன்வாஸ் ஷூவின் நாடாவை உள்ளே செருகிக்கொண்டு ஏறினாள். அவள் அளவுக்குத் தைத்த உறை அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

டக்.

நான் கடைந்த பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்த சத்தம். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. நான் உதைத்தபோதெல்லாம் நான் விழுந்த சத்தம்தான் கேட்டிருந்தது. கால்கள் அவசரமில்லாமல் சுற்றின. சக்கரம் ஒன்றரையாக ஓடியது. விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். இன்னொரு டக். வேகம் குறைந்தது. என் முன்னால் வந்து, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடியபடி நின்றாள்.

"எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க லிப்டுல மேலயும் கீழயும் போயிட்டிருந்தப்ப."

"பாப்பாவுமா?"

"தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சா, மாடியில துணி காயப்போடறது யாருன்னு யோசிக்க வேண்டாமா?"

"அப்ப, கட்டில்?"

"கட்டில் பாவம், அது என்ன பண்ணும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சூரியன் அசையக் கூடாதுன்னீங்க. அசைஞ்சா வந்து சொல்லணும்னு சொல்லலையே."

நான் தெருவிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "தையல் மெஷின் ஜன்னல்லேர்ந்து எனக்கும் அந்தப் பாலம் தெரியும்ங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்த ஜன்னலுக்கு நான் முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் தாண்டல. இன்னைக்குத்தான் பாக்கணும்." அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. "நீங்களும் ஒண்ணு செஞ்சுக்கங்க. கியர் இல்லாம. குழந்தைக்குச் செஞ்ச மாதிரி."

பாப்பா ஆரஞ்சுச் சக்கரத்தில் ஏறி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு முனையில் கரையோரச் சாலை வெயிலில் கிடந்தது. பெரிய சக்கரம் ஒன்று, சின்னச் சக்கரம் ஒன்று. நான் ஆசைப்பட்ட படம் அப்படியே இருந்தது. பிடிக்கிற கை யாருடையது என்பது மட்டும்தான் பாக்கி.

எழுந்தேன். பக்கத்தில் நடந்தே வந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முழங்கை மண்ணைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினேன். சக்கரத்தில் இருந்தபடியே மனைவியும் நீட்டினாள்.

"சொல்லு பாப்பா" என்றாள் மனைவி. "யார் கை?"

பாப்பா அம்மாவின் கையைப் பிடித்தாள்.