ஒருமனதாகக் கண் மூடியவர்கள்

உலகமே கொண்டாடும் ஒரு திரைப்படத்தைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ஒரு மனிதனுக்கு உண்டா என்னும் வினா, என் வாழ்வில் எழக்கூடும் என்று நான் எண்ணியதே இல்லை. பணி ஓய்வுக்குப் பின் என் நாள்கள் ஒழுங்கான தடத்தில் சென்றுகொண்டிருந்தன. விடியற்காலையில் பழைய பக்திப் பாடல்களை வாய்விட்டு ஓதுவேன். பகலில் அடியார் வரலாறுகளைப் படித்துக் கண்ணீர் உகுப்பேன். சனிக்கிழமை மாலையில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில், கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டி அமர்ந்து, அவ்வரலாறுகளை எடுத்துரைப்பேன். கேட்க வருவோர் பெரும்பாலும் கண்களை மூடிக்கொண்டே கேட்பார்கள். அதனைப் பக்தியின் முதிர்ந்த நிலை என்றே நான் கொண்டிருந்தேன்.

அடியார் வரலாறுகளில் எனக்கு மிக உவப்பானது, இறைநிந்தனையைக் கேட்டுவிட்ட தம் காதுகளைத் தாமே அறுத்தெறிந்த ஒருவருடையது. அதை நான் சொல்லும்போது கத்தியின் கூர்மையையும் குருதியின் பெருக்கையும் சற்று விரிவாகவே சொல்வேன். ஒருமுறை மூன்றாம் மாடிப் பெண் மயங்கிச் சரிந்தாள். அவள் பேரின்பத்தில் ஆழ்ந்துவிட்டாள் என்று கூட்டத்துக்கு விளக்கிவிட்டுத் தொடர்ந்து பேசினேன். அவள் முகத்தில் என் மனைவி தண்ணீர் தெளித்தாள்.

இத்தகைய ஒருவனைத் திரைப்படங்களை மதிப்பிடும் குழுவில் அமர்த்த அரசுக்குத் தோன்றியது என்றால், அதற்கு ஒரு மருமகன் காரணமாக இருக்க வேண்டும். இருந்தார்.

என் மருமகன் கலை ரசனை மேம்பாட்டு ஆணையத்தில் தற்காலிக உதவியாளர். அந்தத் தற்காலிகம் நெடுங்காலமாக நீடித்து வந்தது.

"மாமா, குழுவுல ஒரு பக்திமான் இருக்கணும்னு விதி. எனக்குத் தெரிஞ்ச பக்திமான் நீங்க ஒருத்தர்தான்."

"நான் கடைசியாப் படம் பார்த்தது எப்பன்னே நினைவில்லையேப்பா."

"அதுதான் மாமா தகுதியே. முன்கூட்டிய அபிப்பிராயம் எதுவும் இல்லாதவர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"போய் உக்காந்துட்டு வாங்களேன். ஏசி போட்டிருப்பாங்க" என்றாள் என் மனைவி. அவளுடைய சிபாரிசையும் பெற்று நான் உறுப்பினன் ஆனேன்.

குழுவில் என்னையன்றி ஒரு பேராசிரியரும் ஒரு பல் மருத்துவரும் இருந்தனர். அறிஞர் பிரிவுக்குப் பேராசிரியர். பொதுமக்கள் பிரிவுக்குப் பல் மருத்துவர். ஆணையர் எங்களை மெத்தென்ற இருக்கைகளில் அமர்த்திச் சிறு உரை ஆற்றினார். அயல்நாடுகளிலெல்லாம் பரிசுகளைக் குவித்த படம் இது என்றும், அதற்கு நம் ஆணையத்தின் உயரிய விருதை ஒருமனதாக அளிப்பதா என்பதைச் சுதந்திரமாக முடிவு செய்து ஒருமனதாக அளிக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

படம் ஒரு தையற்காரனைப் பற்றியது. தோளில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு அவன் துணியை வெட்டும் தொடக்கக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அடுத்த காட்சியில் தெருவில் ஒருவனை நாலைந்து பேர் அடித்துக் கொன்றார்கள். அதனை விரைவாகச் செய்து முடிக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. நான் கண்களை மூடிக்கொண்டேன். ஓசையாவது கேட்காதிருக்கட்டும் என்று தோத்திரப் பாடல்களை மனத்துக்குள் ஓதலானேன். நெடுநேரம் கழித்து, கொலை முடிந்திருக்கும் என்று நம்பிக் கண் திறந்தேன். தையற்காரன் கண்ணாடி முன் அமர்ந்து, ஊசியும் நூலும் கொண்டு தன் உதடுகளைத் தானே தைத்துக்கொண்டிருந்தான். மீண்டும் மூடினேன். நூல் இழுபடும் ஓசைக்கு மூடுவதற்குக் காதில் இமை இல்லை. எனக்குத் தெரிந்த பாடல்கள் தீர்ந்துபோக, முதலிலிருந்து தொடங்கினேன்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் கைதட்டினர். ஆணையர் கருத்துகளைக் கேட்டார்.

"மனித இருப்போட விளிம்புல நின்னு பேசுற படம்" என்றார் பேராசிரியர். எந்த விளிம்பு என்று அவர் சொல்லவில்லை, எவரும் கேட்கவில்லை.

"வாயைப் பத்தி இவ்வளவு ஆழமா ஒரு படம் வந்ததே இல்ல" என்றார் பல் மருத்துவர்.

எல்லோரும் என்னை நோக்கினர். விடியற்காலையில் உண்மையே பேசுவதாக ஓதிய வாய் அது.

"எனக்குப் பிடிக்கலை" என்றேன்.

வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற மருமகன் உள்ளே வராமல் தட்டோடு திரும்பிப் போனார்.

ஆணையர் பதறவில்லை. அவர் பலவகை மனிதர்களைப் பார்த்தவர்.

"ஏன் பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கலாமா ஐயா?"

"வயித்தைப் புரட்டுதுங்க. மனசு ரொம்பக் கலங்கிப் போச்சு."

"ரொம்பன்னா? பேராசிரியருக்குக் கலங்கினதைவிடவா?"

"அவரைப் பார்த்தாக் கலங்கின மாதிரியே தெரியலையே."

"அப்ப உங்களுக்குத்தான் அதிகம்" என்று ஆணையர் நிறைவோடு இருக்கையில் சாய்ந்தார். "பார்க்குறவங்களைக் கலங்க வைக்கிற ஆற்றல்தான் ஐயா எங்க அளவுகோல். பிடிச்சவங்களுக்குக் கொஞ்சம் கலக்கம். பிடிக்காத உங்களுக்கு ரொம்பக் கலக்கம். அப்படின்னா படத்தை மத்த எல்லாரையும்விட நீங்கதான் உயர்வா மதிப்பிட்டிருக்கீங்க."

"நான் பிடிக்கலைன்னு சொல்றேனே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"ஒருவேளை எனக்குப் பிடிச்சிருந்தா?"

ஆணையர் சற்றே வருந்தினார். "படத்தைக் கொஞ்சம் லேசா எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"ஐயா, நான் கண்ணையே திறக்கலை."

"கவனிச்சோமே. கண்ணுல தண்ணி. உதடு அசையுது. உடம்பே நடுங்குது. அப்படி ஒரு ரசனையை இந்த அறை பார்த்ததில்ல."

இருந்தும், விதி என்று ஒன்று இருந்தது. பிடிக்கவில்லை என்ற சொல் குழுவின் தீர்மானத்தில் இடம்பெறலாகாது, ஒருமனது குலையும். சொல்லை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டு, ஆணையர் எனக்குச் சிறிது அவகாசம் தந்தார்.

நடைவழியில் மருமகன் என் கையைப் பற்றினார்.

"மாமா, போன தடவை ஒருமனது வரலை. அப்ப இருந்த உதவியாளரைச் சிலை துடைக்கிற பிரிவுக்கு மாத்திட்டாங்க. இப்பவும் அவரு ஏணி மேலதான் இருக்காரு. இது நல்லபடியா முடிஞ்சா என் வேலை நிரந்தரம்னு ஆணையர் வாயால சொல்லியிருக்காரு."

"அதுக்காக நான் பொய் சொல்ல முடியுமா மாப்பிள்ளை?"

"பொய்யே இல்ல மாமா. வார்த்தைதான் வேற. நிரந்தரமாயிடும்னு நம்பி உங்க பொண்ணு வேற வீடு பார்த்து, சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டா. பாதிப் பாத்திரம் பெட்டிக்குள்ள இருக்கு. நேத்துக் காப்பியை டம்ளர் இல்லாம குழம்புக் கிண்ணத்துல குடிச்சேன்."

அப்போது கழிப்பறையிலிருந்து வெளிவந்த பல் மருத்துவர் என் காதருகே குனிந்தார்.

"ஐயா, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். அந்த ஊசி வந்ததுலேருந்து நான் உங்க மூஞ்சியையேதான் பார்த்துட்டிருந்தேன். வேற எங்க பார்க்கச் சொல்றீங்க? பேராசிரியரும் அப்படித்தான். நடுவுல ஒரு தடவை எங்க ரெண்டு பேர் கண்ணும் உங்க தலைக்கு மேல சந்திச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் அவரு வெளியே போற வழின்னு எரியுற விளக்கைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு."

ஆக, நால்வர் பார்த்த அப்படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஆணையரைச் சேர்த்தே சொல்கிறேன். அவர் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதனை உள்ளே சென்று உரக்கச் சொல்வதே அறம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏணி மேல் நிற்கும் மருமகனும், பாத்திரங்களைப் பெட்டியில் கட்டும் என் மகளும் மனக்கண்ணில் தோன்றினார்கள். மனக்கண்ணை மூடும் வித்தை எனக்கு வாய்க்கவில்லை.

உள்ளே சென்றேன். "சொல்லுக்கு அடங்காத, ஒப்புவமை கடந்த, உள்ளத்தை உருக்கி ஆட்கொள்ளும் பெரும் படைப்பு" என்றேன். இறைவனுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த அடைமொழிகள் அவை. அவனிடம் நிறைய இருக்கின்றன, பொறுத்துக்கொள்வான் என்று தேற்றிக்கொண்டேன்.

அதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு நான் மட்டுமே பொறுப்பு என்று சொல்வது தற்பெருமை ஆகும். ஆயினும் சுவரொட்டிகளில் என் சொற்களும், கண்மூடிக் கண்ணீர் வடிக்கும் என் முகமும் இடம்பெற்றன. படம் ஓடும்போது வாசலில் நின்று அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் மருமகன். 'ஒரு பெரியவரின் மோன அனுபவம்' என்று அதன் கீழே அச்சிட்டிருந்தார்கள். உயர்ந்த ரசிகர்கள் கண்ணை மூடியே அப்படத்தை அனுபவிக்கிறார்கள் என்று ஆணையம் ஓர் அறிவுரை வெளியிட்டது. கண் திறந்து பார்ப்பவர்களை அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்கள் இரக்கத்தோடு நோக்கத் தொடங்கினார்கள்; அவ்வாறு நோக்குவதற்குத் தாங்களும் கண் திறக்க வேண்டியிருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. இளைஞர்கள் சட்டைக் கழுத்துப்பட்டியில் சிவப்பு நூலால் பெரிய பெரிய தையல் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஒரு திரையரங்கில் படம் காட்டும் விளக்கு பழுதாகி, பகல் முழுதும் ஒலி மட்டுமே வந்ததாம். ஒருவரும் முறையிடவில்லை. இதுவரை பார்த்ததிலேயே தெளிவான காட்சி அதுதான் என்று சிலர் பாராட்டிச் சென்றார்களாம்.

என் சனிக்கிழமைக் கூட்டமும் பெருகியது. கார்களை வெளியே நிறுத்தும்படி ஆயிற்று. மருமகனின் வேலை நிரந்தரமாயிற்று. எனக்கு வருத்தம் இருந்தது என்று எழுதத்தான் விரும்புகிறேன்.

புதுவீட்டில் பெட்டிகளைப் பிரித்து முடித்த கையோடு, என் மகள் தன் தாயை அந்தப் படத்துக்கு அழைத்துச் சென்றாள். மனைவி திரும்பி வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, எனக்கு எதிரே அமர்ந்தாள்.

"பார்த்தேங்க. முழுசா."

"கண்ணைத் திறந்தா?"

"பின்னே? டிக்கெட்டு வாங்கிட்டுக் கண்ணை மூடுவாங்களா? உங்க பொண்ணுதான் என் தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டா."

"எப்படி உன்னால பார்க்க முடிஞ்சுது? எவ்வளவு வக்கிரம்."

"நீங்க காதறுக்கிறதைக் கேட்டுக் கேட்டுப் பழகினவதானே நான்."

"ரெண்டும் ஒண்ணா? அது அன்பு. இது கொடூரம்."

"இருக்கலாம். ஆனா நீங்க ரெண்டு காதையும் அறுத்து முடிக்கிறதுக்குள்ள இவன் வாயைத் தைச்சே முடிச்சுட்டான்."

நான் பேச்சை மாற்ற விரும்பினேன். அவள் விடவில்லை.

"அவன் எதுக்குத் தைச்சுக்கிட்டான்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. இத்தனை நாளில் அக்கேள்வியை என்னிடம் எவரும் கேட்கவில்லை. செய்தித்தாளில் அரைப்பக்கம் எழுதிய பேராசிரியரும் அதைத் தொடவில்லை.

"அந்தக் கொலையை அவன் பார்த்திருக்கான். தன் மருமகனோட வேலை போயிடும்னு பயந்து, சாட்சிக் கூண்டுல ஏறி, நான் எதையும் பார்க்கலைன்னு சொல்லிட்டான். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொன்ன வாய் இதுதானேன்னு வீட்டுக்கு வந்து தைச்சுக்கிட்டான்."

நான் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.

"அவன் பார்த்ததைப் பார்க்கலைன்னான்" என்றாள் மனைவி. "நீங்க பார்க்காததைப் பார்த்தேன்னுட்டீங்க. மத்தபடி கதை ஒண்ணுதான்."

அழைப்புமணி ஒலித்தது. மருமகன் இனிப்புப் பெட்டியோடு நின்றார். அவர் கழுத்துப்பட்டியிலும் சிவப்புத் தையல் இருந்தது.

"மாமா, ஆணையர் ரொம்பப் பிரியமாக் கேட்டாரு. அடுத்த வருஷமும் குழுவுக்கு நீங்கதான் வரணுமாம். இந்தத் தடவை தலைவராவே. நீங்க கண்ணை மூடிட்டீங்கன்னா மத்தவங்களுக்கு வேலை சுலபமாம்."

வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலைவருக்கு வண்டி அனுப்புவார்களா என்ற கேள்விதான் வெளியே வந்தது. மருமகன் அனுப்புவார்கள் என்றார்.

அவர் போன பிறகு, என்னை அறியாமல் என் விரல்கள் உதட்டைத் தடவிக்கொண்டிருந்ததை மனைவி கவனித்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் தைக்கும் டப்பாவை அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "தைக்கிறதுன்னு ஆரம்பிச்சா இந்த ஊர்ல நூல் பத்தாது. அதுவுமில்லாம, ஊசியில நூல் கோக்க உங்களுக்கு ஏது கண்ணு?"