கொல்லிமலைக் காற்றும் இடது முன் டயரும்

சொந்தக் காரை இரும்பு ராடால் அடித்துவிட்டு, அது என்ன பதில் சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்ட மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் டங்கு ஐயா ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் டயர் கடையில் யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரியை விற்றுவிட்டு, இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். நாமக்கல்லில் ஆக்சிலேட்டரைத் தொட்டால் சேலத்தில் போய் நிற்கிற வண்டி. ஐயாவுக்கு அதுவும் லாரிதான். பம்பரில் கறுப்புக் கயிறு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே எவ்வளவு காற்று என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து. ஆறடி மனிதர், முழங்கால் தாடையை இடிக்க, மடக்குக் கட்டில் விரிவதுபோலப் பகுதி பகுதியாக இறங்குவார். சின்ன வண்டி, பெரிய ஆள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். இறங்கியதும் சமதரையாக இருந்தாலும் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பார். பிறகு ராடை எடுத்து நான்கு டயரையும் ‘டங், டங்’ என்று தட்டிக் காற்றுப் பார்ப்பார்.

அந்த வகை வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானால் டப்பாவில் இருக்கும் பசையை அடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் சொன்ன அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்டெப்னி இல்லாமயா? இந்த வண்டி செஞ்சவனுக்குப் புள்ளகுட்டி இல்லீங்களா அம்மிணி?”

மறுநாளிலிருந்து அவர் பக்கத்து சீட்டில் ஒரு முழு டயர் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்தது.

கடையில் வீல் அலைன்மென்ட் மிஷின் என் பொறுப்பு. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சரிசெய்யும் வேலை. நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்த முதல் பெண்ணும் நான்தான். எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். என் அம்மா சந்தையில் தக்காளி பேரம் பேசும்போதுகூட, “எம்புள்ள காரு சக்கரத்தையே நிமுத்தறவ” என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தது ஐயாவின் இடது முன் டயர். வெளி ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது, உள் ஓரத்தில் ரப்பர் பட்டன் வெட்டு அப்படியே இருந்தது. மிஷினில் ஏற்றிப் பார்த்தேன். திரையில் எல்லாம் பச்சை. முன்னால் இரண்டும் புதிது போட்டு அனுப்பினோம். இரண்டு மாதத்தில் அதே டயர், அதே ஓரம், அதே மொட்டை.

முதலாளி சொன்னார்: “இன்னொருக்கா இது திரும்பி வந்துச்சுன்னா நீ பில் போடற மேசைக்குப் போயிரு. மிஷினுக்குச் சேலத்துல இருந்து ஒரு ஆளக் கூட்டிக்கறேன்.”

வந்தது. தேய்ந்த டயரோடு.

“வண்டிய எங்கதானுங்க ஐயா ஓட்டறீங்க?” என்றேன்.

“ரோட்டுலதானுங்க.”

“ஒரு ஓரம் மட்டும் எப்படிங்க தேயுது?”

வானத்தைப் பார்த்தார். “கொல்லிமலைக் காத்துங்க சாமி. ஒரே பக்கமா அடிச்சு வண்டியத் தள்ளுது.”

“போறப்ப ஒரு பக்கம் அடிச்சா, வாரப்ப அடுத்த பக்கம் அடிக்கோணுமில்லீங்க?”

“வாரப்ப காத்து நின்னு போகுதுங்க.”

டயர் மாட்டுகிறவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பில் மேசையைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

ஐயா எப்போதும் தானே வண்டியை மிஷின்மேல் ஏற்றிக் கொடுப்பார், வேறு யாரையும் ஸ்டேரிங் பக்கம் விடமாட்டார். அன்று அவர் முதலாளியிடம் காற்றைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்ததால் நானே ஏறினேன். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு நான். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டை முன்னால் இழுக்க வேண்டும். இதில் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்துத் தைத்ததுபோல என் கால் கிளட்சில் போய் உட்கார்ந்தது.

இறங்கி வந்து அவர் காதருகே கேட்டேன். “ஐயா, இந்த வண்டிய ஓட்டற குட்டை ஆளு யாருங்க?”

ராடு கை நழுவிக் கீழே விழுந்தது. டங்.

“சத்தம் போடாதீங்க அம்மிணி. எங்கூட்டுக்காரம்மாதான். லைசென்சு வாங்கற வரைக்கும் வெளிய மூச்சு உடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்புட்டா.”

சாயங்காலம் ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே போனேன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் களம், சுற்றிலும் சுவர். ஸ்டெப்னியை இறக்கி வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அதன் சீட்டில் ஐயா ஏறினார். அவர் வீட்டு அம்மா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேரிங்கைப் பிடித்தார். டயர் கிறீச்சிட, வண்டி வலப்பக்கம் சுற்றியது. மறுபடியும் வலம். பத்துச் சுற்றும் வலம். ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் பாரமெல்லாம் இடது முன் டயரின் வெளி ஓரத்தில் சாய்ந்து தேய்த்தது. கோயில் பிராகாரத்தில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

“ஏனுங்கம்மா, இடப்பக்கம் திருப்ப மாட்டீங்களா?”

“எனக்கென்ன கண்ணு, திருப்பலாம். இவிங்க அந்தப் பக்கமில்ல உக்காந்திருக்காங்க! திருப்புனா செவுரு மேல வருதுன்னு கத்தறாங்க.”

நான் ஐயாவைப் பார்த்தேன். “முப்பது வருசம் லாரி ஓட்டுனவருங்க நீங்க!”

“அப்ப ஸ்டேரிங்கு எங்கையில இருந்துச்சு சாமி.”

என் மிஷின் சீட் போகப்போவதைச் சொன்னேன். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“ஒரு புள்ளயோட பொழப்புக்கு ஒல வெச்சுட்டா காத்து, மலைன்னு கத உட்டுட்டு இருந்தீங்க?”

“நீ சத்தியம் வாங்குனயே...”

“வண்டி ஓட்டறதத்தான் மறைக்கச் சொன்னன். அடுத்தவிய வவுத்துல அடிக்கச் சொன்னனா?”

மறுநாள் காலையில் சிவப்புக் கார் எங்கள் கடையை நோக்கி வந்தது. காற்று அளவுக்குப் பக்கத்திலேயே வெள்ளையில் ‘L’ எழுதியிருந்தது. ஸ்டேரிங்கில் அம்மா. பக்கத்தில் ஐயா, மடியில் ஸ்டெப்னி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட். எங்கள் கடை சாலைக்கு இடப்பக்கம். அம்மா இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் திருப்பினார். ஐயா கண்ணை மூடி டயரை இறுகக் கட்டிக்கொண்டார். கத்தவில்லை.

அம்மா கண்ணாடியை இறக்கினார். “மிஷினும் சரிங்க, இந்தப் புள்ளயும் சரிங்க. டயரத் தேச்சது நானு. முன்னால ரெண்டும் புதுசு போடுங்க.”

துடைத்து வைத்திருந்த மேசையில் முதலாளியே போய் உட்கார்ந்து பில் போட்டார். புது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியதும் அம்மாதான்.

இப்போது டயர் இரண்டு ஓரமும் சமமாகத் தேய்கிறது. ஐயா இன்னமும் தனியாகக் காற்றுப் பிடிக்க வருவார், முழங்காலைத் தாடைக்குக் கொடுத்தபடியே. போன வாரம் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க ஐயா, ரகசியந்தான் வெளிய வந்துருச்சே. சீட்டப் பின்னால தள்ளிக்கலாமில்லீங்க?”

ராடால் டயரை ஒரு தட்டுத் தட்டி, அது சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

“தள்ளிக்கலாந்தான் சாமி. அப்பறம் அவ வந்து இழுக்கோணுமில்ல?”