தாராளமாகக் குறை சொல்லுங்கள்

“குறை இருந்தா தாராளமாச் சொல்லுங்க” என்று வலியக் கேட்கும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீடு கட்டினாலும், கதை எழுதினாலும், முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் நம் கையைப் பிடித்துக்கொண்டு, “முகஸ்துதி எனக்கு ஆகாது, மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்பார்கள். நாமும் ஏமாந்துபோய்ச் சொல்லித் தொலைப்போம். அதன்பிறகு நாலு மாதத்துக்கு நம்மைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

இந்த இனத்தின் அசல் சரக்கு ஒருவரைப் பாருங்கள். பலகுரல்காரர். பகலில் குடிநீர் வாரிய அலுவலகத்தில் மேசை. ஆண்டுவிழா வந்தால் மேடை. ரயில் கிளம்புவது, குக்கர் விசிலடிப்பது, மேலதிகாரி தும்முவது என்று இருபது வருடமாக அதே பன்னிரண்டு சத்தங்கள். சக ஊழியர்கள் கைதட்டிக் கைதட்டி அவரைக் கெடுத்துவைத்திருந்தார்கள். இப்போது டிக்கெட் வைத்து இணையத்தில் நேரலை நிகழ்ச்சி. முதல் நிகழ்ச்சி எடுபட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு. ராஜினாமாக் கடிதம் தேதி மட்டும் போடாமல் வீட்டு மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

விமர்சனத்தைத் தொழில்முறையில் கையாள்வது எப்படி என்று ஆறு காணொளிகள் பார்த்தார். நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தது ஒரே தடவை. பதில் மட்டும் பத்து நாள் முன்பே தயார்: “உங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி. உங்களைப் போன்றவர்களே எங்கள் பலம்.” திட்டினாலும் இதுதான், பாராட்டினாலும் இதுதான். என்ன பெருந்தன்மை!

ஆனால் குறை என்றால் ஆக்கபூர்வமாக இருக்க வேண்டாமா? அதற்காக மனைவியின் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கருத்துப் பெட்டியை அவரிடம் ஒப்படைத்தார். நல்லதைத் திரையில் விட வேண்டும். பொல்லாததை மறைத்துவிட வேண்டும். அழைக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று மனைவிக்கும் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. இருநூற்றுச் சொச்சம் பேர் டிக்கெட் வாங்கிக் காத்திருந்தார்கள். பலகுரல்காரர் வணங்கினார், ரயிலைக் கிளப்பினார். மூன்றாவது நிமிடமே முதல் கருத்து வந்தது.

“சத்தம் வரலை.”

மைத்துனருக்குச் சுருக்கென்றது. அறைக்குள் ரயில் காதைப் பிளந்துகொண்டிருக்கும்போது சத்தம் வரவில்லையாமே! மறைத்தார். இன்னொன்று வந்தது. அதையும் மறைத்தார். ஐம்பது வந்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ரயிலுக்கும் குக்கருக்கும் நடுவில் குனிந்து கிசுகிசுத்தார்.

“மாமா, எல்லாப் பயலும் ஒரே மாதிரி எழுதறான். யாரோ ஏவி விட்டிருக்காங்க.”

“வளர்றவனுக்கு எதிரி இருக்கத்தான் செய்வான் மாப்ளே. நீ தூக்கிட்டே இரு.”

உண்மை என்னவென்றால், தொடங்குவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வதற்காக பலகுரல்காரரே மைக்கை அணைத்திருந்தார். திரும்பப் போட மறந்துவிட்டார். இருநூறு வீடுகளில் ஒரு மனிதர் சத்தமே இல்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டும் உதட்டைக் குவித்துக்கொண்டும் இருந்தார். சித்தப்பா மகன்கள் மூவர் மட்டும் விடாமல் “அருமை அண்ணா, கலக்கிட்டீங்க” என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிகழ்ச்சியைத் திறந்திருக்கவே வேண்டுமா என்ன?

சமையலறையில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நான்தான். மைக்கைப் பாருங்க” என்று எழுதினார். மைத்துனர் பெருமூச்சு விட்டார்.

“அக்காவும் அந்தக் கும்பல்ல சேந்துருச்சு மாமா.”

அக்காவையும் மறைத்தார்.

ஐம்பதாவது நிமிடம் கதவு படாரென்று திறந்தது. கையில் கரண்டியோடு மனைவி நேராக மேசைக்கு வந்து மைக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டார். காசு கொடுத்த ரசிகர்கள் அன்று பலகுரல்காரரிடமிருந்து முதன்முதலாகக் கேட்ட சத்தம் இதுதான்:

“உனக்கு எத்தனை தடவை சொல்றது? அறிவில்ல? யாரும் உள்ள வரக்கூடாதுன்னா வரக்கூடாது!”

கருத்துப் பெட்டி பொங்கி வழிந்தது. “அடடா, கோபக்காரப் புருஷன் குரல் தத்ரூபம்!” “இதுக்கே காசு குடுக்கலாம்!” மைத்துனர் ஒன்றுவிடாமல் திரையில் விட்டார். மிச்சமிருந்த பத்து நிமிடம் பலகுரல்காரர் உற்சாகமாகத் தன் சத்தங்களைச் செய்தார். அப்போது ஒருவர் எழுதினார்: “இதுக்குச் சத்தமில்லாம இருந்ததே பரவாயில்லை.” அதுவும் மறைந்தது.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் மனைவியிடம் கேட்டார். கேட்காமல் இருக்க அந்த இனத்தால் முடியாது.

“நீ சொல்லு. ஒளிக்காம சொல்லு. எப்படி இருந்துச்சு?”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

“அம்பது நிமிஷம் ஒண்ணும் கேக்கலை. கேட்ட பத்து நிமிஷமும் எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. குக்கர் எது, ரயில் எதுன்னு தெரியலை. இதை நான் ரொம்ப வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன், நீங்கதான் காதுல போட்டுக்கலை. அந்த லெட்டரை மட்டும் குடுத்துடாதீங்க. பெரியவளுக்கு இப்பத்தான் காலேஜ் கிடைச்சிருக்கு.”

அவர் சோறு பிசைவதை நிறுத்தினார். மனைவிக்கு ஒரு நிமிடம் நம்பிக்கைகூட வந்தது. பாவம். பிறகு அவர் முகத்தில் அந்தத் தொழில்முறைப் புன்னகை மெல்ல ஏறியது.

“உங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி” என்றார்.

எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து கடிதத்தில் தேதி போட்டார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் கண்ணில் வந்து போகிறது, இல்லையா? போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக உங்களிடம் குறை சொன்னவர் யார் என்பது நினைவிருக்கிறதா? பளிச்சென்று நினைவிருக்கும். அவர் சொன்ன குறை என்ன? அது அவ்வளவாக நினைவில்லையோ?

எதற்கும் ஒரு தடவை மைக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.