லேசருக்கும் சூலம் பார்த்தவர்

நோயாளியைவிட நோயை அதிகமாக நேசிக்கும் ஓர் இனம் உண்டு. 'நலம் விசாரிப்பவர்' என்று பெயர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு வாய்த்தவர் மகேஸ்வரன் அண்ணாச்சி.

யாருக்காவது நெஞ்சுவலி என்று காதில் விழுந்தால் போதும், நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் செய்தியைப் பரப்பிவிட்டு, கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, அதே வியாதியில் போய்ச்சேர்ந்தவர்களை ராதாபுரத்திலிருந்து புன்னக்காயல் வரை ஊர்வாரியாகச் சொல்லி, கொண்டுவந்த சாத்துக்குடியைத் தானே உரித்துத் தின்றுவிட்டு, "தைரியமா இரும் வே" என்பார். இருக்க முடியுமா?

தொண்ணூற்று நாலில் கணக்கு வாத்தியார் காந்திமதிநாதனுக்கு இதயத்துக்குள் சதை தடித்து, ரத்தம் போகிற வழியை அடைத்தது. மாடிப்படி ஏறினால் மயக்கம். லேசர் ஒளியால் அந்தச் சதையைச் சுட்டு எடுக்கலாம், புதன்கிழமையே வந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் மெட்ராஸ் டாக்டர்.

திங்கட்கிழமை அண்ணாச்சி வந்துவிட்டார்.

"செவ்வாக்கிழமை வடக்க சூலம்லா! எப்படிப் போவீரு?"

"பால் குடிச்சிட்டுக் கிளம்புதோம் அண்ணாச்சி," என்றார் வாத்தியாரின் மனைவி வடிவம்மாள்.

"அது ரயிலுக்குப் பரிகாரம். லேசருக்கு? புதனும் வடக்கதான் சூலம். அவன் வடக்க பாத்து அடிச்சிட்டான்னா? பேசாம பெட்டியை இன்னைக்கே என் வீட்டுல பரஸ்தானம் வச்சிருவோம். பெட்டி நல்ல நேரத்துல கிளம்பினா நீரும் கிளம்பின கணக்கு."

ரிப்போர்ட், டிக்கெட் எல்லாம் அடங்கிய பெட்டி அண்ணாச்சியோடு போயிற்று. மறுநாள் சாயங்காலம் அதை எடுக்கப்போன வடிவம்மாளை வரவேற்றது ஒரு பூட்டு.

"கொற்கையில யாருக்கோ பக்கவாதமாம், விசாரிக்கப் போயிருக்காரு," என்றார்கள் பக்கத்து வீட்டில்.

வடிவம்மாளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, ஒரே போடு. பூட்டு தெறித்தது. ரயில் கிடைத்தது. லேசர் எந்தத் திசை பார்த்து அடித்ததோ, இரண்டு மாதத்தில் வாத்தியார் மாடி ஏறி வடாம் காயப்போட்டார்.

அண்ணாச்சி சாத்துக்குடியோடு வந்தார். நோயாளி நன்றாக இருப்பதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. சற்று நேரத்தில் தேறினார்.

"சதையை எடுத்தானே, அந்த இடத்துல என்ன வச்சான்?"

"ஒண்ணும் வைக்கல."

"சும்மாவா விட்டான்? நெஞ்சுச் சதையிலதான் வே பாசமே இருக்கு! பாத்துக்கிடும், ராதாபுரத்துல இப்படித்தான் ஒருத்தருக்கு..."

வடிவம்மாள் அடுக்களையிலிருந்து குழவியோடு வந்தார். மசால் அரைக்கத்தானா என்று அண்ணாச்சி விசாரிக்கவில்லை. செருப்பையும் சாத்துக்குடியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி, இதைப் படிக்கும்போதே, இதே வியாதி வந்த உங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டதே, அதை யாரிடம் சொல்லப்போகிறீர்கள்? போகிற வீட்டில் அம்மி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.