பத்து மைலுக்கு ஒரு காலன்

மினசோட்டா,
14 ஆகஸ்ட் 1979, செவ்வாய்

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணா செல்மர் டோஸ்ட்ரூட் அவர்களுக்கு, தம்பி ஆர்வில் பணிவோடு எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ஆர்டிஸும் இங்கே சுகம். அரிசோனா வெயில் உங்கள் மூட்டுவலிக்கு ஒத்துக்கொண்டது என்றும், அண்ணி வெர்னா வாசலில் கள்ளிச்செடி வளர்க்கிறார் என்றும் அறிந்து மகிழ்ந்தோம். இங்கே மழைக்குக் குறைவில்லை, சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நிற்க.

ஈஸ்டர் அன்று ஊரைவிட்டுக் கிளம்பும்போது, சர்ச் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் உங்கள் கறுப்பு செடானின் சாவியை என் கையில் வைத்து, "டேய் ஆர்வில், இனிமேலாவது மனுஷன் மாதிரி வண்டி ஓட்டு" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் உங்கள் பழைய பனிச்சறுக்குக் காலணி, அப்புறம் உங்கள் பழைய ஓவர்கோட்டு, அவ்வளவு ஏன், என் கல்யாணத்துக்கே உங்கள் பழைய சூட்டுதான், கால்சட்டையை இரண்டு மடிப்பு உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டேன். முழங்கை தேயுமுன்பே நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் பொருள் அந்தக் கார். அதனால்தான் இதை எழுத ஒரு மாதமாகத் தைரியம் வரவில்லை. அண்ணா, அந்தக் கார் இப்போது என்னிடம் இல்லை. உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். முப்பத்தோரு வருஷம் வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், வெண்ணெயில் உட்கார்ந்து போகிற மாதிரிதான் இருந்தது. ஆர்டிஸ் முதல் நாள் ஏறும்போது, "இது காரா, வரவேற்பறையா? ஷூவைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். ஆனால் யானையை வாங்கினவனுக்குத் தீனி போடத் தெம்பு வேண்டும் இல்லையா? பெருஞ்சாலையில் பத்து மைலுக்கு ஒரு காலன் பெட்ரோல். ஊருக்குள்ளே எட்டு மைல்கூட வராது. பால் வாங்கப் போனால் பாலுக்கு ஆனதைவிட பெட்ரோலுக்கு ஆனது அதிகம். பங்க் வைத்திருக்கிற ரூடி, தட்டுப்பாடு வந்ததிலிருந்து ஒரு வண்டிக்குப் பத்து காலன்தான் ஊற்றுகிறான். என்னைப் பார்த்தாலே, "ஆர்வில், முதல்ல எஞ்சினை அணை. நான் ஊத்துறதும் அது குடிக்கிறதும் சரியாப் போயிடும்" என்பான், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். போதாததற்கு நாலு டயர், பேட்டரி, இன்சூரன்ஸ். நம்ம வீட்டு கராஜ் பதினெட்டு அடி, வண்டி பத்தொன்பதேகால். மூக்கு உள்ளே போனால் வால் வெளியே, கதவைச் சாத்த முடியவில்லை. கடைசியில் பின்சுவரை அறுத்து, மூக்குக்கு மட்டும் பலகையில் ஒரு பெட்டி கட்டினேன். அது நேராக ஆர்டிஸின் பியோனிப் பூச்செடிகள் மேல் போய் உட்கார்ந்தது. அவள் மிஞ்சின செடிகளைப் பிடுங்கி வேலியோரம் நட்டுக்கொண்டாள் அண்ணா.

ஆனால் மே மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது கவனித்தேன், அவள் இடது பக்கம் மட்டும் மென்றுகொண்டிருந்தாள். கேட்டால், வலது பக்கத்துப் பல்லைக் கட்ட டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தவள், எனக்குத் தெரியாமல் போன் பண்ணித் தள்ளிப்போட்டிருக்கிறாள். "முதல்ல உன் வண்டியோட வாய் நிரம்பட்டும், அப்புறம் என் வாயைப் பாக்கலாம்" என்றாள், கோபமே இல்லாமல்.

சரி, சிக்கனம் பிடிப்போம் என்று பக்கத்து வீட்டு ஐனாரிடம் போனேன். உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வண்டியே வைத்துக்கொள்ளாதவர். அவர் காகிதம் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டு, "மாத்து டயரையும் ஜாக்கியையும் இறக்கு, முப்பத்தஞ்சுக்கு மேல போகாதே" என்றார். போனேன். எனக்குப் பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்தன. அதிலும் பெரிதாக மிச்சமில்லை. அப்புறம்தான் அந்த மகா யோசனை. "இறக்கத்துல எதுக்கு எஞ்சின்? பூமி சும்மாதானே இழுக்குது? அணைச்சிடு" என்றார். அந்த எஞ்சின் ஓடினால்தான் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. ஜூன் கடைசி சனிக்கிழமை, ஆர்டிஸைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சர்ச் மேட்டு உச்சியில் எஞ்சினை அணைத்தேன். சத்தமே இல்லாமல் கப்பல் மாதிரி நழுவியது, எனக்கு ஒரே ஆனந்தம். பாதி இறக்கத்தில் பார்க்கிறேன், கீழே புல்வெளியில் சர்ச் பெண்கள் மேஜை போட்டு, தாங்கள் சுட்ட ருபார்ப் பைப் பலகாரம் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆர்வில், திருப்பு!"

"திரும்பமாட்டேங்குது!"

"அப்ப நிறுத்து!"

"நிக்கமாட்டேங்குது!"

"அப்ப ஜெபமாவது பண்ணு, மனுஷா!"

பிரேக் மேல் எழுந்து நின்றே மிதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் அலறிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள், வண்டி நடுவே மெதுவாக, மரியாதையாக மேஜையைத் தள்ளிக்கொண்டே போய் லைலாக் புதரில் முட்டி நின்றது. பதினாறு பை போச்சு. ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை அண்ணா, அதை நினைத்து இப்போதும் நன்றி சொல்கிறேன். பாஸ்டர் ஓடிவந்து, "ஆர்வில், ரொம்ப நஷ்டமா?" என்று கேட்டார். எனக்குப் புத்தி எங்கே போனதோ, "இல்ல பாஸ்டர், ஒரு சொட்டு பெட்ரோல்கூட செலவாகல" என்று சொல்லிவிட்டேன். ஆர்டிஸ் இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே போனாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர்தான் பதறவில்லை, நம்ம ஊரில் சவ அடக்கம் பண்ணுகிற லிண்ட்கார்ட். தப்பித்த ஒரு துண்டுப் பையைத் தின்றுகொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கறுப்புப் பூச்சைத் தடவினார், பின்சீட்டை அமுக்கிப் பார்த்தார். "துக்க வீட்டுக்காரங்களை ஏத்திட்டுப் போக இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன். விக்கிறியா ஆர்வில்?" என்றார். நான் பொய் சொல்லவில்லை. பத்து மைலுக்கு ஒரு காலன், டயர், இன்சூரன்ஸ், எல்லாத்தையும் கொட்டினேன். அவர் சிரித்தார். "எனக்கென்னய்யா? சர்ச்சிலேருந்து கல்லறைக்கு அரை மைல். போறது நடை வேகம். அழுதுட்டு வர்றவங்க யாரும் மைலேஜ் கேக்கமாட்டாங்க."

ஜூலை பத்தாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இறுக்கின ஷூவை மூணு மாதம் கழித்துக் கழற்றினவன் எப்படி நடப்பான், அப்படி நடந்தேன். வந்த பணத்தில் ஆர்டிஸின் பல்லைக் கட்டியாச்சு, மிச்சத்தில் நாலு சிலிண்டர் குட்டி வண்டி ஒன்று, ஒரு காலனுக்கு முப்பது மைல் ஓடுகிறது, ரூடி என்னை மறந்தே போய்விட்டான். போன ஞாயிறு ஆர்டிஸ் மாட்டிறைச்சி வறுத்தாள், இரண்டு பக்கமும் மென்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தட்டைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கொடுத்ததை மதிக்காமல் விற்றேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மதித்தேன், கட்டுப்படியாகவில்லை. கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகத் தூங்குவேன்.

அண்ணிக்கு எங்கள் இருவர் அன்பும். உங்கள் மூட்டும் அவர் கள்ளியும் செழிக்கக் கர்த்தர் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அண்ணியிடமிருந்து போன். ஆர்டிஸ்தான் எடுத்தாள். அங்கே வெயில் தாளவில்லையாம், வீட்டைக் காலி பண்ணிவிட்டு இங்கேயே வந்துவிடுகிறீர்களாம், வியாழன் காலை மினியாபொலிஸில் விமானம் இறங்குகிறதாம். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஆசைதான் ஆர்டிஸ், தம்பி ஓட்ட, அந்தக் கார்ல பின்சீட்டுல சாஞ்சு ஊருக்குள்ள வரணுமாம். சின்னப் புள்ள மாதிரி நாளை எண்ணிட்டிருக்கார்." ஆர்டிஸ் "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் லிண்ட்கார்டிடம் ஓடினேன். "எடுத்துட்டுப் போ, ஆனா ரெண்டு மணிக்கு நெல்ஸ் ஓவ்ரேயோட அடக்கம், ஒண்ணரைக்கு வண்டி இங்க நிக்கணும். முன்னால இருக்கிற சவ ஊர்வலக் கொடியைக் கழட்டாதே, ஆணி தொலைஞ்சிடும். பெட்ரோல் உன்னோடது" என்றார். ஆகவே அண்ணா, மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. இந்தக் கடிதம் அங்கே காலி வீட்டுக்குத்தான் போகும், பதினைந்து சென்ட் தபால்தலையை ஒட்டித் தொலைத்துவிட்டேன், கிழித்துப்போட மனம் வரவில்லை. வியாழக்கிழமை வழியில் எதிரே வருகிற கார்கள் எல்லாம் ஓரம் கட்டி, ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றால், நீங்கள் ஊர் திரும்புகிற மரியாதை அது என்று சொல்வதாக இருக்கிறேன். நீங்கள் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டே வாருங்கள்.