நண்டுப்படம் மீட்ட படலம்

16.3.2025, ஞாயிறு

நேற்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு. "வூட்ல ரெண்டு கம்ப்யூட்டர நெட்வொர்க்ல சேத்து ஃபோல்டர் ஷேர் பண்ணவங்க யாரு?" என்று செந்தமிழ்செல்வன் சார் கேட்டபோது கையைத் தூக்கிவிட்டேன். நான் செய்ததில்லை. சார் செய்யும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. "பத்து நிமிஷ வேல சார்" என்று வேறு சொன்னேன். அதையும் சேர்த்தால் இரண்டு தவறு. இன்று நடந்ததை 'நான்' போட்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனவே, சுரேந்தர் என்று ஒருவன் இருந்தான்.

இருந்தான் என்றா சொன்னோம்? எழுந்தருளியிருந்தான்! உப்புக்காற்று உலவும் கடலூர் முதுநகரிலே, சிப்காட் தொழிற்பேட்டையின் ஸ்டோர் ரூமில் பகலெல்லாம் பீப்பாய் எண்ணிச் சிவந்த கண்ணன். மஞ்சக்குப்பத்து மாலை வகுப்பிலே கேபிள் முனை சீவிச் சிராய்த்த விரலன். எக்காரியம் எடுத்தாலும் முதலில் நோட்டிலே கோடு கிழித்து, எண்ணிட்டு, எண்ணுக்கு எதிரே சரிக்குறி போட இடம் விட்டு, அதன் பிறகே மூச்சு விடும் ஒழுங்கின் உறைவிடம். கதவைப் பூட்டித் தெருமுனை வரை சென்றவன் பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, இழுத்ததில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் திரும்பி வரும் ஐயப் பெருங்கடல்! வாழ்க அவன் திருப்பெயர்! வாழ்க அவன் இருபது வயது!

முருகன் படத்துக்கும் கரண்ட் அட்டைக்கும் நடுவே ஆணியில் தொங்கி, பச்சைக்கண் இமைத்து வீடு காக்கும் ரூட்டர்த் தெய்வமே, இக்கதைக்கு நீயே காப்பு. குறுக்கே வராதே.

போருக்குக் காரணம் நண்டு.

சுரேந்தரின் அக்கா வித்யா அண்ணாமலை நகரில் விலங்கியல் முதுகலை இறுதியாண்டு. கிள்ளைக் கழிமுகத்துச் சேற்றிலே முழங்கால் புதைய நான்கு மாதம் நின்று, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பருத்த சேற்று நண்டுகளை நூற்றுப் பதினோரு வீடியோவாகப் பிடித்து வைத்தவள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேராசிரியர் முன்னிலையில் அவற்றைக் காட்டியாக வேண்டும். நண்டுகள் இருப்பதோ மாடியறைக் கம்ப்யூட்டரில். அவள் எடுத்துச் செல்ல வேண்டியதோ கூடத்து லேப்டாப். இடையே பதினான்கு படிகள்.

பென்டிரைவ் என்னும் சிற்றாயுதத்தால் இதை முடித்திருக்கலாமே என்பீர்கள். ஐயகோ, அந்த ஆயுதம் இவ்வீட்டில் தடை செய்யப்பட்டது. சென்ற ஆண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ் ஒன்றை நம் வீரன் கழுவாத கையோடு அக்காவின் லேப்டாப்பில் செருக, முதல் பருவத்து நண்டுகள் அத்தனையும் வைரஸ் வாய்ப்பட்டு வெறும் பெயர்களாயின. பெயர்களையேனும் காப்பாற்றுவோம் என்று அவன் செய்த மருத்துவத்தில் பெயர்களும் போயின. அக்கா திட்டவில்லை. பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "இனிமே இந்த வூட்டுக்குள்ள பென்டிரைவ் வரக்கூடாது. என் லேப்டாப்ப நீ தொடவே கூடாது" என்று இரண்டே வாக்கியத்தில் ஆணை பிறந்தது. அன்று முதல் இன்று வரை அந்த லேப்டாப்பின் பக்கத்தில் அவன் விரல் போனதில்லை. இணையத்தில் ஏற்றி இறக்கலாம் என்றால், செவ்வாய்க்கிழமை ஆகும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

"பத்து நிமிஷம்னு கிளாஸ்ல சொன்னியாமே. பொன்னி சொன்னா. பண்ணு பாப்பம்" என்றாள் வித்யா. பக்கத்து வீட்டுப் பொன்னியும் அதே வகுப்பு என்பதை வீரன் கை தூக்கும்போது மறந்திருந்தான்.

முரசு அதிர்ந்தது. அதாவது, அம்மா திலகவதி குக்கரை இறக்கினாள்.

நோட்டு திறந்தது. சார் கொடுத்த ஏழு வரி. முதல் வரி: இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா என்று பார்க்கவும். வீரன் முறுவலித்தான். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே ரூட்டர், இதையுமா பார்ப்பது? பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன், வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைப் பார்க்காமலே சரிக்குறி போட்டான். விண்ணோர் அப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள்.

பிறகு தொடங்கியது படையெடுப்பு. பாட்டரி செத்து சார்ஜர் நுனியில் உயிர் பிடித்திருக்கும் லேப்டாப்பை மேலே கொண்டுபோக வழியில்லை. மாடியறையிலோ ஒரே பிளக் பாயின்ட். ஆகவே தானே தேராய், தானே தேர்ப்பாகனாய், தானே குதிரையாய் அவன் படியேறினான். நண்டு ஃபோல்டரைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டு இறங்கினான், அக்காவைத் தட்டச் சொல்லி லேப்டாப்பில் அழைத்தான். "நெட்வொர்க் பாதை காணப்படவில்லை" என்றது திரை, வானத்திலிருந்து வந்த குரல்போல, கூடவே யாருக்கும் விளங்காத ஒரு நீண்ட பிழை எண்ணோடு. ஏறினான்; யாவரும் புகுக என்று அனுமதியை அகல விரித்தான்; இறங்கினான்; காணப்படவில்லை. ஏறினான், பாஸ்வேர்ட் கேட்கும் வாயிற்காவலனை வீட்டுக்கு அனுப்பினான், இறங்கினான், காணப்படவில்லை. ஏறினான், ஃபயர்வால் என்னும் நெருப்பு மதிலை ஊதி அணைத்து, அணைத்த பயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், அப்போதும் காணப்படவில்லை. லேப்டாப்பை அக்கா கையாலும் மேலுள்ளதைத் தன் கையாலும் அணைத்து, இருபது எண்ணி, மீண்டும் இயக்கினான். மீனவர் மகனுக்கு மூச்சு நீளம் என்பது பொய். பத்தொன்பதாம் ஏற்றத்தில் அது பழைய மோட்டார் படகு போல் இரைந்தது.

"டேய், மாடி வாசப்படிக்கு எதனா வேண்டுதலா?" என்றார் அப்பா பூவராகன், போனில் காற்று வரைபடத்தைப் பார்த்தபடி. நாளை கடலுக்குப் போவதா என்பதை அந்த வரைபடத்தில் ஊரும் குட்டிக் குட்டி அம்புகளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.

ஏழாம் வரி: மாடிக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவும். திறந்தான். திகைத்தான். அங்கே லேப்டாப் இல்லை. மாறாக, கோட்டையின் நட்டநடு முற்றத்தில் கால்மேல் கால் போட்டு வீற்றிருந்தது ஓர் அயல் பெயர்: 'தட்சு பிசி'. மதிற்சுவருக்கு அப்பால் வாழும், ஐஸ் பேக்டரி மேஸ்திரி தட்சிணாமூர்த்தி மாமாவின் கம்ப்யூட்டர்!

அடடா, அதுவா சேதி! பகைவன் உள்ளே புகுந்திருக்கிறான்! பாதையைக் காணாமல் அடித்தவன் அவனே! அவமானத்தால் வாடிய வீரமுகம் கோபத்தால் மலர்ந்தது. தவறு தன்னுடையது அல்ல என்பதைக் காட்டிலும் இனிய செய்தி அவன் காதில் விழுந்து ஓராண்டாகியிருந்தது. படி உச்சியில் நின்று முழங்கினான்:

"யாரும் பயப்படாதீங்க! நம்ம வைஃபைக்குள்ள ஆள் பூந்துட்டாங்க! நான் தொரத்துறேன்!"

பயப்பட யாரும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் அனுமதி பெற்று, அவளையே தட்டச் சொல்லி, லேப்டாப் வழியே ரூட்டரின் கருவறை புகுந்து, பழைய பாஸ்வேர்டைக் கொன்று புதியதை முடிசூட்டினான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், ஆச்சரியக்குறி என நால்வகைப் படையும் அணிவகுத்த இருபத்து நான்கு எழுத்து. அதை நோட்டில் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, சரிபார்த்ததைச் சரிபார்த்தான்.

விளைவு உடனே தெரிந்தது.

"டேய், காத்து அப்புடியே நின்னுபோச்சு! என்னாடா பண்ண?" என்று அப்பா போனை உதறினார்.

"அந்த மருமவ வாயத் தொறந்தாப்புல நிக்கிறா, என்னா சொல்ல வந்தான்னே தெரியல" என்றாள் அம்மா, உறைந்த சீரியலைப் பார்த்து.

சொந்தப் படையினர் யாவரும் வீழ்ந்தனர். லேப்டாப்புக்கு மட்டும் அக்கா கையால் புது பாஸ்வேர்டை ஊட்டிவிட்டு, பகைவனின் பிணம் காண மேலேறினான் வீரன். அங்கே தட்சு பிசி முன்னிலும் தெளிவாக அமர்ந்திருந்தது. அது மட்டுமா, யாரும் புது பாஸ்வேர்ட் கொடுக்காத மாடிக் கம்ப்யூட்டரில் இணையம் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கண்ட எவனும் ஒரு கணம் யோசித்திருப்பான். நம் வீரன், "பாஸ்வேர்ட ஒடச்சிட்டாரு மாமா!" என்று வியந்து, நோட்டை மார்போடு அணைத்து மதிற்சுவர் நோக்கி நடந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி மாமா மொபெட் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எங்க வைஃபைய நீங்க யூஸ் பண்றீங்களா?"

மாமா துணியைக் கீழே போட்டார். "நானா? உங்க வைஃபையா?" உள்ளே திரும்பி, "ஏ பொன்னி! இங்க வா. இவன் ஒரு கேள்வி கேக்கறான், ஜோரா இருக்கு. உங்கம்மாவயும் கூப்புடு, எல்லாம் கேக்கட்டும்."

பொன்னி வந்தாள், கேட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, கார்த்திக மாசப் புயல்ல உங்க லைனு அறுந்து கெடந்துச்சுல்ல? அக்கா ஏதோ ஃபார்ம் அனுப்பணும்னாங்கன்னு நான்தான மேல வந்து எங்க பாஸ்வேர்ட போட்டுக் குடுத்தேன். அதுலேருந்து உங்க மேல் கம்ப்யூட்டரு எங்க வூட்லதான் கீது. நீங்க மாத்தவே இல்ல."

"மூணு மாசமா உன் கம்ப்யூட்டரு பேரு எங்க லிஸ்ட்ல வந்து நிக்குது. புள்ள படிக்குது, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்" என்றார் மாமா. "இப்ப நீ நோட்டு வேற எடுத்துக்கினு கேஸ் எழுத வந்துட்ட."

சாய்ந்தது கொடி. கிழிந்தது முரசு. தன் கோட்டைக்குள் அயலான் புகுந்தான் என்று ஆர்ப்பரித்தவன், அயலான் கோட்டைக்குள் மூன்றரை மாதமாகக் குடியிருந்தபடியே ஆர்ப்பரித்தான் என்பதும், வீட்டுக்காரனைப் பார்த்துத்தான் 'திருடன்' என்று விரல் நீட்டினான் என்பதும், துரத்தியது முழுவதும் தன் தாய் தந்தையரையே என்பதும் நோட்டின் முதல் வரியில், பார்க்காமல் இட்ட அந்த ஒற்றைச் சரிக்குறியில் அடங்கிக் கிடந்தன. "சாரி மாமா" என்றான். நோட்டை மூடிக்கொண்டு வீடு திரும்பினான்.

இருபத்தோராம் ஏற்றம். மாமா வீட்டு வைஃபையிலிருந்து வெளியேறி, இருபத்து நான்கு எழுத்தை அடித்தான், தப்பு. மறுபடி அடித்தான், ஆச்சரியக்குறி விட்டுப்போயிற்று. மூன்றாம் முறை வழிவிட்டது. கீழிருந்து வித்யாவின் குரல்: "டேய், தொறந்துக்கிச்சு!"

நூற்றுப் பதினொன்றும் இருந்தன. ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஒன்றேகால் மணி நேரம் என்றது திரை. முதலில் வந்து சேர்ந்ததை வித்யா ஓடவிட்டாள். ஒரு வளையின் வாயில் நின்று, பெருத்த கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டி, எதிரே வந்த இன்னொரு நண்டை மிரட்டிக்கொண்டிருந்தது ஒரு நண்டு.

"இவனப் பாரு" என்றாள். "அது இவன் வள இல்ல. அடுத்தவன் வளைக்குள்ள பூந்துக்கினு, வூட்டுக்காரனயே வெரட்டுறான். நாளைக்கி இதத்தான் மொதல்ல காட்டப் போறேன்."

"பேரு வச்சியா அதுக்கு?"

"இப்பதான் வச்சேன்."

சுவருக்கு அப்பால் நடந்தது அதற்குள் இங்கு வந்து சேர்ந்திருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த வித்யா, துண்டை எடுத்தாள். "நான் குளிச்சிட்டு வரேன். சார்ஜரு லூசா கீது, கழண்டா எல்லாம் போயிரும். கைய வச்சி புடிச்சிக்கினு இரு."

ஓராண்டுக்குப் பின், தடை செய்யப்பட்ட அந்த நாட்டில், ஆணையிட்டவளே அழைக்க, வலக்கை சார்ஜரிலும் இடக்கை லேப்டாப் விளிம்பிலும் பதிய, தும்மல் வந்தும் தும்மாது, கொசு கடித்தும் தட்டாது, நண்டு நூற்றுப் பதினொன்றும் கரையேறும் வரை காத்து நின்ற வெற்றிவேந்தன், கை விடுபட்டதும் சிவப்புப் பேனாவால் முதல் வரியின் சரிக்குறியைக் குறுக்கே கோடிட்டு அடித்தான்.

நாளை: அப்பாவுக்குப் பாஸ்வேர்ட் அடிக்க வரவில்லை, அதை எட்டு எழுத்தாகக் குறைக்க வேண்டும்.