முதல்ல நீ போட்டுக்க, சிஸ்டர்

கர்த்தருக்குள் பிரியமான என் தம்பி மகள் ஜோவிதாவுக்கு,

பெருங்களத்தூரிலிருந்து புஷ்பம் அத்தை ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஐசக் மாமாவும் சுகம்; மாமாவின் முட்டி மட்டும் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளை ஜாய்சனும் குறைமாதத்தில் பிறந்த நம் செல்லக்குட்டியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் பண்ணினா பாப்பா முழிச்சுக்குதுன்னு நீ கட் பண்ணிடற, அதனால பூண்டு லேகியத்தோட இதையும் மாப்பிள்ளைகிட்ட கொடுத்தனுப்பறேன்.

ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டாத்தான் பாப்பாவைத் தூக்கலாம், டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்னு நீ சொன்னதுல எனக்கு முதல்ல வருத்தந்தான். உன்னைக் குளிப்பாட்டின கைம்மா இது. ஆனா போட்டோவையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது? நேத்து மாமாவை இழுத்துக்கிட்டு தாம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி ரூம்ல சுபத்ரான்னு ஒரு சிஸ்டர், உன் வயசுதான், நல்ல முகக்களை. "ரவிக்கைக் கையை மேல ஏத்துங்க ஆன்ட்டி"ன்னா. நான் சும்மா இருக்கக் கூடாதா? "நீ போட்டுக்கிட்டியாம்மா?"ன்னேன். "எங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி? வார்டுலயே கிடக்கறோம், உடம்பு பழகிப்போச்சு"ன்னா. பக்கத்துல பெரிய சிஸ்டர், "போன வருஷம் போட்டேன், மறுநாளே காய்ச்சல். எவன் லீவு தர்றான்?"னாங்க. எட்டிப் பார்த்த டாக்டரைக் கேட்டா, "போட்டுக்கணும்மா, டைம்தான் கிடைக்கல"ங்கறார். மருந்து வெச்சிருக்கற ஃப்ரிட்ஜ் அவர் முழங்கையில இடிக்குது!

நம்ம சபை அசன விருந்துல சமைச்சவங்க முதல் பிடி தின்னாத்தானே ஜனத்துக்கு இலை போடுவோம்? அதையே சொல்லி, "முதல்ல நீ போட்டுக்க, சிஸ்டர்"னு உக்காந்துட்டேன். வரிசையில நின்னவங்களும், "அம்மா கரெக்டாத்தானே கேக்கறாங்க"ன்னு சேர்ந்துக்கிட்டாங்க. மாமா மட்டும் வெளியிலிருந்து, "புஷ்பம், மானத்தை வாங்காத, வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது!"ன்னு கத்தறார்.

டாக்டர் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிட்டார். பெரிய சிஸ்டர்கிட்ட, "ஒரு நாள் கணகணன்னு இருக்கும், அது ஃப்ளூ இல்ல. முடியலைன்னா லீவு எடுங்க, நான் சொல்லிக்கறேன்"னார். அவங்களும் போட்டுக்கிட்டாங்க. சுபத்ரா முறை வந்ததும் பிள்ளை வெளுத்துப்போய் என் காதுல, "ஆன்ட்டி, எனக்கு ஊசின்னா பயம்"ங்கறா. ஊரையே குத்தற பொண்ணு! அம்மா தேனியில, இவ ஹாஸ்டல்ல. யார்கிட்ட சொல்லும், பாவம். தலையை என் வயித்தோட அணைச்சுக்கிட்டேன். நான் இயேசப்பாங்கறேன், அவ முருகாங்கறா. "முடிஞ்சுதா?"ன்னு கேக்கறா, முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு எனக்கு டீ வாங்கித் தந்து, போன் நம்பரும் கொடுத்தா. நல்ல பொண்ணும்மா.

ஆகையால் மகளே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொத்தேரிக்கு வருகிறேன். பாப்பாவை என் மடிக்குத் தயாராக வை. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அத்தை,
புஷ்பம்

பி.கு.: லேகியத்தை மூடும்போது மாமா, "எந்தக் கையில போட்டாங்க?"ன்னார். ரெண்டு கையையும் பார்த்தேன். எல்லாருக்கும் போட வெச்சு, டீயும் குடிச்சுட்டு வந்துட்டேன் ஜோவிதா, நான் போட்டுக்கல! மறந்துட்டேன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். உன்கிட்ட என்ன மறைக்கறது, எனக்கும் பயந்தான். சுபத்ராவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கே வாங்க ஆன்ட்டி, இப்ப என் முறை"ன்னா. போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் மருந்து நல்லா பிடிக்குமாம். அதனால ஞாயித்துக்கிழமை நான் உள்ள வரல. வாசல்லயே நிக்கறேன். பாப்பா முகம் தெரியற மாதிரி கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா.